ஃபைப்ரோமயால்ஜியான்னு இப்பத்தான் பேரு தெரிஞ்சுச்சா? முதல் ஆறு மாசம் என்ன பண்ணலாம்னு சொல்றேன்

எனக்கு இந்த வலி வந்து ஏழு வருஷம் ஆச்சு, ஆனா அதுக்குப் பேரு தெரிஞ்சு அஞ்சு வருஷம்தான் ஆச்சு. நடுவுல இருந்த ரெண்டு வருஷமும் எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர், எண்ணெய் வைத்தியம், வர்மம்னு சுத்துனதுலயே போயிடுச்சு. ராத்திரி எட்டு மணி நேரம் படுத்து எந்திரிச்சாலும் யாரோ உலக்கையால அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், குழந்தை ஓடி வந்து கையப் பிடிச்சா கூட சுரீர்னு வலிக்கும், எந்த டெஸ்ட் எடுத்தாலும் "எல்லாம் நார்மல்"னு வரும். இப்ப புதுசா இதே நிலைமைல இருக்கிறவங்களுக்காக, அப்ப எனக்கு யாராவது சொல்லியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்குமேன்னு தோணுற விஷயங்கள எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, மதுரைல ஸ்கூல் டீச்சர். மருந்து மாத்திரை விஷயத்துல உங்க டாக்டர் சொல்றதுதான் கடைசி முடிவு.

முதல்ல இது என்னன்னு மனசுல பதிய வச்சுக்கோங்க

கோயில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவாங்கல்ல, மைக்ல ஒருத்தர் மெதுவாத்தான் பேசுவாரு, ஆனா ஆம்ப்ளிஃபையர் முழுசா திருகி வச்சிருக்கிறதால தெருவே அதிரும். நம்ம உடம்புல நடக்கிறது அதுதான். தசைலயும் மூட்டுலயும் இருந்து போற சாதாரண சேதிய மூளையும் தண்டுவடமும் பெருசாக்கி வலியா காட்டுது. இதனால மூட்டு தேயாது, தசை அழியாது, எலும்பு அரிக்காது. எக்ஸ்ரேலயும் ரத்தத்துலயும் எதுவும் தெரியாததுக்குக் காரணமும் இதுதான், ஏன்னா அவங்க மைக்கத்தான் சோதிக்கிறாங்க, கோளாறு ஆம்ப்ளிஃபையர்ல இருக்கு. இந்த மாதிரி வலிக்கு 2017ல உலக அளவுல வலி பத்தி ஆராய்ச்சி பண்றவங்களோட சங்கம் 'நோசிபிளாஸ்டிக் வலி'ன்னு தனியா ஒரு வகையே ஒதுக்கியிருக்கு. அதாவது அடிபட்டதால வர்ற வலியும் இல்ல, நரம்பு கெட்டதால வர்ற வலியும் இல்ல, இது மூணாவது வகை. "உனக்கு ஒண்ணும் இல்ல, மனப்பிரம்மை"ன்னு யாராவது சொன்னா இத நினைச்சுக்கோங்க.

அதே சமயம் உண்மையையும் சொல்லிடறேன், இத அடியோட போக்குற மருந்து இன்னைக்கு வரைக்கும் இல்ல. ஆனா குறைக்க முடியும், நல்லாவே குறைக்க முடியும். நான் முன்னாடி வாரத்துல அஞ்சு நாள் அழுதுட்டே ஸ்கூலுக்குப் போனவ, இப்ப மாசத்துல மூணு நாலு நாள்தான் ரொம்ப முடியாம போகுது.

டெஸ்ட்டு, எது தேவை எது வேண்டாம்

இந்த நோய்க்குன்னு தனியா ரத்தப் பரிசோதனை கிடையாது. பழைய முறைல, அதாவது 1990ல அமெரிக்க ருமட்டாலஜி காலேஜ்ங்கிற மூட்டு வாத நோய் டாக்டர்களோட சங்கம் போட்ட விதிப்படி, உடம்புல 18 இடத்த கட்டைவிரலால அழுத்திப் பாப்பாங்க, 11 இடத்துல வலிச்சா இதுதான்னு சொல்வாங்க. 2010ல அத மாத்தி, உடம்ப 19 பகுதியா பிரிச்சு எங்கெங்க வலிக்குது, தூக்கம் எப்படி, அசதி எப்படி, ஞாபகம் எப்படின்னு கேட்டு மார்க் போடுற முறை வந்துச்சு, 2016ல அதயும் கொஞ்சம் திருத்துனாங்க. வலி மூணு மாசத்துக்கு மேல இருக்கணும், ஒரே இடத்துல இல்லாம உடம்பு பூரா பரவியிருக்கணும், இது ரெண்டும் முக்கியம்.

ஆனா இதே மாதிரி உடம்பு வலிய கொடுக்கிற வேற விஷயங்கள முதல்ல பாத்துடணும். தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., வைட்டமின் டி, பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை, உடம்புல அழற்சி இருக்கான்னு பாக்க இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., தசைக்கு சி.பி.கே., இவ்வளவு பாத்தாலே பெரும்பாலும் போதும். நம்ம ஊர்ல வைட்டமின் டி குறைவும் தைராய்டும் ரொம்ப சகஜம், எனக்கும் டி குறைவா இருந்துச்சு, அத சரி பண்ணதுல கொஞ்சம் தெம்பு வந்துச்சு, வலி போகல. அப்பத்தான் டாக்டருக்கே சந்தேகம் வந்துச்சு. கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுறவங்க அதயும் மறக்காம சொல்லுங்க, ஸ்டாட்டின் வகை மாத்திரை சிலருக்கு தசை வலி கொடுக்கும். சிக்கன்குனியா வந்து போயிருந்தா அதயும் சொல்லுங்க.

காரணமே இல்லாம முடக்குவாதத்துக்குப் பாக்குற ஆர்.ஏ. ஃபேக்டர், உடம்பே உடம்பத் தாக்குற நோய்களுக்குப் பாக்குற ஏ.என்.ஏ.ன்னு பெரிய பேக்கேஜா எடுக்காதீங்க. நோயே இல்லாதவங்களுக்குக் கூட அது லேசா பாசிட்டிவ்னு வரும், அப்புறம் அந்த பயத்துல நாலு மாசம் போகும். டாக்டர் பாத்து எழுதிக் கொடுத்தா எடுங்க.

இன்னொண்ணு. மூட்டு வெளிப்படையா வீங்கி சூடா இருந்தா, காய்ச்சல் விட்டு விட்டு வந்தா, காரணமில்லாம எடை குறைஞ்சா, கை கால் பலமே இல்லாம தொங்குனா, மூத்திரம் போறது கட்டுப்பாட்டுல இல்லன்னா இது ஃபைப்ரோ கணக்குல வராது, அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க.

எந்த டாக்டர்? முடிஞ்சா ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டு வாத நோய் டாக்டர். எலும்பு முறிவு டாக்டர்தான் மூட்டு வலிக்கெல்லாம்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம், அவங்க வேலை வேற. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைல ருமட்டாலஜிக்குன்னு தனி துறையே இருக்கு, வேலூர் சி.எம்.சி.லயும் இருக்கு. ஆனா ஒரு தடவ உறுதி ஆனதுக்கப்புறம் பக்கத்துல இருக்கிற நல்ல ஃபேமிலி டாக்டரே போதும், மாசாமாசம் பஸ் ஏறி அலையுறதே ஒரு வலிதான்.

போகும்போது ஒரு பேப்பர்ல மனுஷ உருவம் ரெண்டு வரைஞ்சுக்கோங்க, முன்பக்கம் ஒண்ணு பின்பக்கம் ஒண்ணு. வலிக்கிற இடத்தையெல்லாம் பேனாவால தீட்டுங்க. நான் என் பொண்ணோட சிவப்பு கிரேயான்ல தீட்டிக் கொண்டு போனேன், கழுத்து, ரெண்டு தோள், முதுகு, இடுப்பு, தொடை, முழங்கால் பக்கம்னு பேப்பர்ல வெள்ளையே கொஞ்சம்தான் மிச்சம் இருந்துச்சு. ரெண்டு வருஷமா வாயால சொல்லிப் புரிய வைக்க முடியாதது அந்த பேப்பர பாத்த ஒரு நிமிஷத்துல அந்த டாக்டருக்குப் புரிஞ்சுது. அதுக்குக் கீழயே தூக்கம், அசதி, மறதி, வயிறு, தலைவலி பத்தி ஒவ்வொரு வரி எழுதிடுங்க. வயித்துக் கோளாறு, ஒத்தைத் தலைவலி, தாடை வலி, அடிக்கடி மூத்திரம் இதெல்லாம் இதோட சேர்ந்தே வர்றது உண்டு, தனித்தனி டாக்டரா போய் பாத்துட்டு இருப்போம்.

நோட்டு போடுங்க, இத மட்டும் தள்ளிப் போடாதீங்க

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. தினமும் ராத்திரி நாலே விஷயம் எழுதுங்க. நேத்து தூக்கம் எப்படி, காலைல வலி பத்துக்கு எத்தனை, சாயங்காலம் எத்தனை, இன்னைக்கு செஞ்ச பெரிய வேலை என்ன. பொம்பளைங்க மாதவிலக்கு தேதியையும் ஒரு மூலைல குறிச்சுக்கோங்க. ரெண்டு நிமிஷ வேலை, ஒரு மாசம் விடாம எழுதுனா போதும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, என் நோட்டுதான் எனக்கு இந்த நோயப் பத்தி சொல்லிக் கொடுத்துச்சு. அந்த வருஷம் பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி உடம்பு அபூர்வமா லேசா இருந்துச்சு. காலைல வலி மூணுதான். சரி, இன்னைக்கு விட்டா முடியாதுன்னு பரண்ல இருந்த பாத்திரத்த எல்லாம் இறக்கி, ஃபேன் துடைச்சு, திரைச்சீலை துவைச்சு, ஜன்னல் கம்பி வரைக்கும் துடைச்சேன், அத்தை கூட "இன்னைக்குத்தான் பழைய மாதிரி இருக்க"ன்னு சொன்னாங்க, எனக்கும் அவ்வளவு சந்தோஷம். மறுநாள் போகி, லேசா அசதி, அவ்வளவுதான். அதுக்கடுத்த நாள் பொங்கல் அன்னைக்கு காலைல கரண்டியப் பிடிச்சுப் பானைல கிண்ட முடியல, விரல் மடங்கல. குலவை சத்தம் கேக்குது, நான் கட்டில்ல படுத்திருக்கேன். அப்புறம் ஒன்பது நாள் ஆச்சு எந்திரிக்க.

நோட்ட திருப்பிப் பாத்தா இதே கதை நாலு தடவ இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் பெரிய வலிக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு நல்ல நாள் இருக்கும், அந்த நாள்ல இழுத்துப் போட்டு ஏதாவது வேலை செஞ்சிருப்பேன். நல்ல நாள்ல கை மீறி செய்ற வேலைக்கு மூணாம் நாள் கந்துவட்டி கட்டணும், அதான் கணக்கு. வலி நாள்ல எல்லாரும் ஜாக்கிரதையாத்தான் இருப்போம், வேற வழி இல்லாம இருப்போம். நாம மாத்த வேண்டியது நல்ல நாளத்தான். நான் கீழ சொல்லப் போறது அத்தனையும் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

வேலைய நறுக்கிப் போடுங்க

ஒரு வேலைய எவ்வளவு நேரம் செஞ்சா மறுநாளும் அதுக்கடுத்த நாளும் வலி ஏறாம இருக்குன்னு நோட்ட வச்சு கண்டுபிடிங்க. வலி வர்ற வரைக்கும் செய்றது இல்ல, வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தணும். எனக்கு நின்னுக்கிட்டு சமைக்கிறது 25 நிமிஷம் தாங்குச்சு, அப்ப 15 நிமிஷத்துல நிறுத்திடணும்னு வச்சுக்கிட்டேன். ஃபோன்ல அலாரம் வைங்க, மனசு சொல்றத கேக்காதீங்க, "இன்னும் ரெண்டே ரெண்டு பாத்திரம்தானே"ன்னு அது எப்பவும் சொல்லும். அலாரம் அடிச்சா கைல இருக்கிறத வச்சுட்டு பத்து நிமிஷம் உக்காருங்க, உக்காந்து முடிச்சுட்டு மறுபடி செய்யலாம். நல்ல நாளா இருந்தாலும் அதே 15 நிமிஷம்தான், மோசமான நாள்ல அதுல பாதி. முழுசா படுத்துடறதும் தப்பு, அசையாம கிடந்தா உடம்பு இறுகி அடுத்த நாள் இன்னும் வலிக்கும்.

வீட்டுல நான் மாத்துனத அப்படியே சொல்றேன். காய் நறுக்குறது டைனிங் டேபிள்ல உக்காந்து. வெங்காயம் பூண்டு உரிக்கிறது ஞாயித்துக்கிழமை எல்லாருமா டிவி பாக்கும்போது. ஒரு பக்கெட் தண்ணிய தூக்க மாட்டேன், அரை அரை பக்கெட்டா ரெண்டு. கிரைண்டர் கல்ல தூக்குறது எனக்கு ஆகவே ஆகாதுன்னு தெரிஞ்சதும் கல்ல தூக்குற வேலை வீட்டுக்காரருக்குப் போச்சு, அவர் இல்லாத வாரம் மாவு கடைல வாங்குவோம், அத்தை முதல்ல முகம் சுளிச்சாங்க, இப்ப அவங்களே வாங்கிட்டு வர்றாங்க. துணி பிழியுறது அடியோட நிறுத்தியாச்சு. பெட்ஷீட்ட ரெண்டு கையாலயும் முறுக்குறப்ப மணிக்கட்டுல ஆரம்பிச்சு முழங்கை, தோள், கழுத்து வரைக்கும் ஒரே இழுவையா இழுக்கும், அந்த ஒரு வேலை மட்டும் எனக்கு ரெண்டு நாள் வலி. இப்ப சொட்டச் சொட்ட அப்படியே மொட்டை மாடில கொடில போட்டுடறேன், மதுரை வெயிலுக்கு ரெண்டு மணி நேரத்துல காஞ்சுடுது. குனிஞ்சு கூட்டுற வெளக்கமாத்துக்குப் பதிலா நீளக் கம்பு வச்சது வாங்குங்க.

வேலைக்குப் போறவங்களுக்கு: ஸ்கூல்ல நான் போர்டுல தோளுக்கு மேல எழுதுறத விட்டுட்டேன், கீழ்ப் பாதி மட்டும்தான் எழுதுவேன். ரெண்டாவது மாடி கிளாஸ கீழ மாத்திக் கேட்டேன், முதல்ல மாட்டேன்னாங்க, டாக்டர் லெட்டர் கொடுத்ததுக்கப்புறம் மாத்துனாங்க. லெட்டர்ல நோய் பேரு மட்டும் இருந்தா பிரயோஜனம் இல்ல, "படி ஏறுறத குறைக்கணும், தொடர்ந்து 20 நிமிஷத்துக்கு மேல நிக்கக் கூடாது"ன்னு என்ன வேணும்கிறத எழுதித் தரச் சொல்லுங்க. ஊனமுற்றோர் சான்றிதழ் கிடைக்குமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கிற 21 வகைல ஃபைப்ரோமயால்ஜியா இல்ல. அதனால ஆபீஸ்ல பேசி வாங்குறதுதான் இப்போதைக்கு வழி.

நடை

வலிக்குதுன்னு படுத்தா வலி கூடும், வலியோட ஓடுனாலும் கூடும், இதுக்கு நடுவுல ஒரு கோடு இருக்கு, அதத்தான் பிடிக்கணும். ஐரோப்பிய ருமட்டாலஜி அமைப்பு 2017ல இந்த நோய்க்கான சிகிச்சைய எல்லாம் அலசிப் பாத்து, உறுதியா செய்யலாம்னு சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், உடற்பயிற்சி. மாத்திரைக்கெல்லாம் 'சிலருக்குப் பாத்துக் கொடுக்கலாம்'ங்கிற அளவுலதான் சொன்னாங்க.

அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிங்க. நான் நிஜமாவே அஞ்சு நிமிஷம்தான் ஆரம்பிச்சேன், எங்க தெருமுனை பிள்ளையார் கோயில் வரைக்கும் போயிட்டு வர்றது. ரெண்டு வாரம் அதே தூரம். மறுநாள் வலி ஏறலன்னா ரெண்டு நிமிஷம் கூட்டுங்க, ஏறுச்சுன்னா பழைய அளவுக்கே திரும்புங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. எனக்கு 25 நிமிஷத்துக்கு வர எட்டு மாசம் ஆச்சு. முதல் ஒண்ணு ரெண்டு வாரம் லேசா வலி கூடுறது சகஜம், அதுல பயந்து விட்டுடுறவங்கதான் அதிகம். நல்ல நாள்லயும் அதே தூரம்தான், இன்னைக்கு நல்லா இருக்கேன்னு மீனாட்சி அம்மன் கோயில நாலு சுத்து சுத்திட்டு வராதீங்க.

நடக்க முடியாதவங்க தண்ணிக்குள்ள நடக்கலாம், நீச்சல் குளம் பக்கத்துல இருந்தா அது ரொம்ப நல்லது, மெதுவான யோகா, தாய் ச்சின்னு சீனாவோட மெதுவான உடற்பயிற்சி இதுலயும் நல்ல பலன் இருக்கு. யோகா கிளாஸ் போனா ஆசிரியர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க, "இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்"னு முதுகுல அழுத்துறவங்ககிட்ட போகவே வேண்டாம். பிசியோதெரபி போறவங்களும் அப்படித்தான், கரண்ட் வச்சு ஹீட் வச்சு அனுப்புறத விட வீட்டுல செய்ய பயிற்சி சொல்லித் தர்றவங்களாப் பாருங்க.

தூக்கம்

1975ல கனடாவுல மோல்டோஃப்ஸ்கின்னு ஒரு டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் ஒரு சோதனை பண்ணாங்க. நல்லா இருந்த ஆளுங்கள தூங்க விட்டு, ஆழ்ந்த தூக்கத்துக்குப் போற நேரம் மட்டும் சத்தம் கொடுத்துக் கலைச்சாங்க. சில ராத்திரிலயே அவங்களுக்கு உடம்பு வலியும் தொட்டா வலிக்கிறதும் வந்துச்சு. அதனால எட்டு மணி நேரம் படுத்தேனேன்னு கணக்கு போடாதீங்க, அது எவ்வளவு ஆழமா இருந்துச்சுங்கிறதுதான் கணக்கு.

தினமும் ஒரே நேரத்துல எந்திரிங்க, லீவு நாள்லயும். மதியம் மூணு மணிக்கு மேல காபி டீ வேண்டாம், மதியத் தூக்கம் அரை மணி நேரத்துக்கு மேல வேண்டாம். சாயங்காலம் வெந்நீர் குளியல் எனக்கு நல்லா கேக்குது. ஏ.சி. காத்து, ஃபேன் காத்து நேரா தோள்ல படாம கட்டில திருப்பிப் போடுங்க. பலமா குறட்டை விட்டு நடுவுல மூச்சு நிக்குதுன்னு வீட்டுல சொன்னாலோ, படுத்தா கால ஆட்டாம இருக்க முடியலன்னாலோ டாக்டர்கிட்ட தனியா சொல்லுங்க, அதுக்கு வைத்தியம் வேற, அது சரியானா வலியும் பாதி இறங்கும் சிலருக்கு. கால் ஆட்டுறவங்களுக்கு இரும்புச் சத்து, ஃபெரிட்டின் பாக்கச் சொல்லுவாங்க.

மாத்திரை

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைய மெடிக்கல்ல வாங்கிட்டு நெட்ல தேடிப் பாத்தேன், 'மன அழுத்தத்துக்கான மருந்து'ன்னு வந்துச்சு. என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாரான்னு அழுதேன், பத்து நாள் அத தொடவே இல்ல. நீங்களும் அப்படிப் பண்ணாதீங்க. அமிட்ரிப்டிலின் குறைஞ்ச அளவுல ராத்திரி கொடுக்கிறது தூக்கத்துக்கும் வலிக்கும், மன அழுத்தத்துக்குக் கொடுக்கிறது அத விட பல மடங்கு அளவு. எனக்கு 10 மில்லிகிராம்ல ஆரம்பிச்சாங்க. அமெரிக்காவுல இந்த நோய்க்குன்னு முதல்ல அனுமதி கிடைச்சது ப்ரீகாபாலினுக்கு, 2007ல, அடுத்த வருஷம் டுலாக்செட்டின், 2009ல மில்நாசிப்ரான். இது எல்லாமே அந்த ஆம்ப்ளிஃபையர கொஞ்சம் இறக்குற வேலை பண்றதுதான். எல்லாருக்கும் கேக்காது, கேட்டாலும் வலி முழுசா போகாது, கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்த வச்சு நடக்கவும் தூங்கவும் ஆரம்பிக்கணும்.

பக்க விளைவு: ப்ரீகாபாலின்ல தலைசுத்தல், மப்பு, எடை கூடுறது, கால் வீக்கம் வரலாம். டுலாக்செட்டின்ல ஆரம்பத்துல குமட்டல். அமிட்ரிப்டிலின்ல வாய் வறட்சி, மலச்சிக்கல், காலைல மந்தம். எதையும் நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். கர்ப்பமா இருந்தாலோ குழந்தைக்குத் திட்டம் இருந்தாலோ முதல் நாளே சொல்லிடுங்க.

நம்ம ஊர்ல ஒரே மாத்திரைல ரெண்டு மூணு மருந்து சேர்ந்தே வருது, ப்ரீகாபாலினோட நார்ட்ரிப்டிலின், கூட பி12னு. அட்டையத் திருப்பி என்னென்ன இருக்குன்னு படிங்க, வேற டாக்டர் எழுதுனதுலயும் அதே இருந்தா ரெட்டை அளவு உள்ள போயிடும். போற டாக்டர்கிட்ட எல்லாம் எல்லா அட்டையையும் கொண்டு போய்க் காட்டுங்க.

டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை இதுல பெருசா வேலை செய்யாது, வயித்தையும் கிட்னியையும்தான் கெடுக்கும். நான் ஒரு வருஷம் தினமும் முழுங்கிட்டு அல்சர்ல படுத்தேன். பேரு போடாத பொட்டலத்துல, டப்பால கொடுக்கிற 'மூலிகைப் பொடி' சாப்பிட்டதும் மூணே நாள்ல வலி பறந்துடுச்சுன்னு யாராவது சொன்னா கிட்டயே போகாதீங்க. அந்த மாதிரி பொடிகள்ல ஸ்டீராய்டு கலந்திருக்கிறது உண்டு, முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, எலும்பு பலமிழந்து போகும். இந்த நோய்க்கு ஸ்டீராய்டு மருந்தே இல்ல.

சாப்பாட்டப் பத்தி நீளமா சொல்ல ஒண்ணும் இல்ல. இதுக்குன்னு தனி பத்தியம் கிடையாது. நேரத்துக்கு சாப்பிடுங்க, எடை ஏறாம பாத்துக்கோங்க, எதையாவது சாப்பிட்டா வயிறு கெடுதுன்னு நோட்டுல தெரிஞ்சா அத மட்டும் விடுங்க.

வலி ஏறுற நாளுக்கு முன்கூட்டியே ஏற்பாடு

எவ்வளவு ஜாக்கிரதையா இருந்தாலும் சில நாள் வரும், மழைக்காலத்துலயோ வீட்டுல ஒரு கவலை வந்தாலோ காய்ச்சல் வந்து போனாலோ. அன்னைக்கு யோசிக்க மூளை ஓடாது, பால் வாங்கப் போய் எதுக்கு வந்தோம்னே மறந்து நிப்போம். அதனால நல்லா இருக்கும்போதே ஒரு பேப்பர்ல எழுதி பீரோ கதவுல ஒட்டிடுங்க. என் பேப்பர்ல இருக்கிறது: வெந்நீர் பை கழுத்துக்கு 15 நிமிஷம். சமையல் கிடையாது, மாவு இருந்தா தோசை, இல்லன்னா கடை இட்லி. மணிக்கு ஒரு தடவ எந்திரிச்சு வீட்டுக்குள்ள ஒரு நடை. ராத்திரி மாத்திரைய மறக்கக் கூடாது, கூட ஒண்ணு போடவும் கூடாது. யாருக்கு ஃபோன் பண்ணணும்னு ரெண்டு பேரு.

வீட்டுல எப்படிச் சொல்றது

பேர சொன்னா யாருக்கும் புரியாது. பாக்க நல்லாத்தானே இருக்கம்பாங்க. நான் எங்க அத்தைகிட்ட, "அத்தை, 2006ல உங்களுக்கு சிக்கன்குனியா வந்துச்சுல்ல, அப்ப எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டேன்.

"அதயேன் கேக்குற, சுவத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் பாத்ரூமுக்கே போவேன், தலை சீவ கை தூக்க முடியாது."

"எனக்கு அந்த மாதிரிதான் அத்தை, காய்ச்சல் மட்டும் இல்ல, விட்டு விட்டு ஏழு வருஷமா வருது."

அவங்க ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் என் கையவே பாத்துட்டு இருந்தாங்க. மறுநாள்ல இருந்து காலைல வாசல் தெளிக்கிறது அவங்க வேலையாச்சு, நான் சொல்லவே இல்ல. உங்க வீட்டுல இருக்கிறவங்க அனுபவிச்ச ஏதாவது ஒரு வலில இருந்து ஆரம்பிச்சுப் பேசுங்க, அது புரியும். "எனக்கு முடியல"ன்னு பொதுவா சொல்றத விட "இன்னைக்கு இந்த குக்கர மட்டும் இறக்கி வச்சுடுங்க"ன்னு குறிப்பா கேளுங்க, மனுஷங்க செய்யத்தான் செய்றாங்க.

வருஷக்கணக்கா வலிச்சா மனசும் சோர்ந்து போகும், அது பலவீனம் இல்ல. வலியோட பழகுறதுக்குன்னே சி.பி.டி.ன்னு ஒரு பேச்சு சிகிச்சை இருக்கு, மனநல டாக்டரோ உளவியல் ஆலோசகரோ சொல்லித் தருவாங்க, எனக்கு ஆறு தடவ போனதே பெரிய உதவி. வாழ்ந்து என்ன பண்றதுங்கிற எண்ணம் வந்தா தனியா வச்சுக்காதீங்க, 14416க்கு ஃபோன் பண்ணுங்க, அரசோட டெலி மானஸ்ங்கிற மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரி எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

ஆறு மாசம் கழிச்சு

நோட்டோட டாக்டர்கிட்ட போய் எது கேட்டுச்சு எது கேக்கலன்னு உக்காந்து பேசுங்க. பிரயோஜனம் இல்லாத மாத்திரைய குறைக்கச் சொல்லிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

புதுசா ஒரு வலி வந்தா, அதாவது பழைய வலி மாதிரி இல்லாம ஒரே இடத்துல நின்னு வலிச்சா, இதுவும் ஃபைப்ரோதான்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க. போன வருஷம் எனக்கு வலது தோள் மட்டும் இறுகிக்கிட்டே வந்துச்சு, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியல. எல்லாம் அதே வலிதானேன்னு நாலு மாசம் விட்டுட்டேன். கடைசில பாத்தா ஃப்ரோசன் ஷோல்டர், அதுக்குப் பயிற்சியே வேற, ஆரம்பத்துலயே போயிருந்தா இவ்வளவு இறுகியிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. இப்ப தினமும் காலைல சுவத்துல விரலால மெல்ல மெல்ல ஏறுற பயிற்சி பண்றேன், ஸ்விட்ச் போர்டுக்கு மேல ரெண்டு ஜாண் வரைக்கும் வந்துட்டேன். தலை பின்ன கைய பின்னால கொண்டு போறப்ப மட்டும் இன்னும் பிடிக்குது, அதுவரைக்கும் என் பொண்ணுதான் பின்னி விடுறா.